என் அட்டையில் பெரித் வேலை செய்த நாள்

1

ஊருக்கு வந்து ஒரு கிழமையாகிறது. சண்டிலிப்பாயில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். எப்ப வந்தனி, எப்ப போறாய் என்ற முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது வந்துவிடும்.

“அங்கை வேலை செய்யாமல் வீட்டிலை இருந்தாலும் அரசாங்கம் காசு குடுக்குமாம். மெய்யே பிள்ளை?”

நேற்று இதைக் கேட்டவர் என்னைச் சிறுவயதிலிருந்தே தெரிந்த ஓட்டோக்காரர். ஓம் என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அப்ப நீ ஏன் மீன் வெட்டுறாய்?”

நான் சிரித்தேன். வழியில் வெங்காயத் தோட்டமொன்றில் பெண்கள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

“உந்த மலைநாட்டுச் சனம் வந்துதான் எங்கடை ஆக்களுக்குத் தோட்டவேலை இல்லாமல் போனது.”

“எங்கடை ஆக்கள் எங்கை, மாமா?”

“பெடியள் உந்த வேலைக்கு வருவாங்களே? வெளிநாட்டுக் காசு வருது, சந்தியிலை ஃபோனோடை நிக்கிறாங்கள்.”

இரண்டு வசனங்களுக்கும் நடுவில் அவர் மூச்சுக்கூட விடவில்லை. நோர்வேயின் வடக்கில் நான் வாழும் சின்ன ஊரின் கடையிலே, பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது இதே இரண்டு வசனங்களை வேறொரு மொழியில் கேட்டிருக்கிறேன். வந்தவர்கள் எங்கள் வேலையைப் பறித்துவிட்டார்கள். வந்தவர்கள் எங்கள் உதவிப்பணத்தில் வாழ்கிறார்கள். சொன்னவர் ஒருவர்தான். என் கையில் பாண் இருந்தது. நான் அன்று அதிகாலை ஐந்து மணியிலிருந்து மீன் வெட்டிவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாவது கேள்விக்கு ஓம் என்பது சரியான பதில்தான். போதுமான பதில் அல்ல. அதனால் பெரித் என்ற நோர்வேஜியப் பெண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

2

பெரித்தை விளங்க வேண்டுமென்றால் முதலில் என் அம்மாவின் நிரையை விளங்க வேண்டும்.

அம்மா கூலிக்குத் தோட்டவேலை செய்பவர். புல்லுப் பிடுங்கும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. ஒருத்தி வராவிட்டால் அவளுடைய நிரையில் மட்டும் புல் நிற்கும். தோட்டக்காரர் வரம்பில் வந்து நின்றாலே தெரியும். ஆகவே காய்ச்சலென்றாலும் செத்தவீடென்றாலும் எங்களிடம் லீவு கேட்கும் வழக்கம் கிடையாது. ஆள் விடுவோம். பக்கத்து வீட்டுப் பெண் போய் அம்மாவின் நிரையில் குந்துவாள். அன்றைய கூலி அம்மாவுக்கே வரும். பிறகு அவளுக்கு முடியாத ஒரு நாளில் அம்மா போய் அவளுடைய நிரையில் குந்துவார். அலுவலகமில்லை, படிவமில்லை. நோயாளிக்கும் கூலி கிடைத்தது. அதை நாங்கள் ஒரு திட்டமென்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் உதவி வேறு. அதற்குப் பெயர்கள் எத்தனையோ தடவை மாறின. எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் இன்னும் முத்திரை என்றுதான் சொல்கிறார்கள். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் ஆசிரியை, “முத்திரை எடுக்கிற வீட்டுப் பிள்ளையள் எழும்பி நில்லுங்கோ, சப்பாத்துக்குப் பேர் எழுதவேணும்” என்றார். அவர் நல்லவர். எங்களுக்குச் சப்பாத்துக் கிடைக்கவேண்டுமென்றுதான் கேட்டார். ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். நான் எழவில்லை. புத்தகத்துக்குள் குனிந்துகொண்டிருந்தேன்.

அம்மா காரணம் கேட்கவில்லை. பண்டத்தரிப்புப் பக்கம் புகையிலைத் தோட்டமொன்றுக்கு மேலதிகமாகச் சில நாட்கள் போய்வந்து, எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தார். கைநாட்டு வைக்கும் அம்மாவின் மகளான நான் அந்தச் சப்பாத்தோடு நடந்து, உயர்தரம் பாஸ் பண்ணி, யாழ்ப்பாணத்திலேயே பட்டமும் எடுத்தேன். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் முதுகு நிமிரும். அன்றைக்கு எழும்பாத பிடிவாதமும் அதே முதுகில்தான் இருக்கிறது.

3

கலியாணம் செய்து நோர்வேக்குப் போனபோது அந்தப் பிடிவாதத்தையும் கொண்டுபோனேன்.

மகள் ஆரபி பிறந்து சில மாதங்களில் என் வங்கிக் கணக்கில் ஏதோ பணம் வந்திருந்தது. பிள்ளைக்கான உதவித்தொகை என்று கணவர் சொன்னார். நான் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அப்போது எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், நாங்கள் இருவரும் உழைக்கிறோம், இது வேண்டாம், திருப்பி எடுங்கள் என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் மெல்லச் சொன்னாள்: “இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. எங்கள் முகாமையாளரின் பிள்ளைக்கும் வருகிறது.”

பணக்காரனின் பிள்ளையும் ஏழையின் பிள்ளையும் ஒரே பட்டியலில். யாரும் எழும்பி நிற்கத் தேவையில்லை. அந்த நாட்டின்மேல் எனக்கு மதிப்பு வந்த முதல் நாள் அது. ஆனாலும் அந்தப் பணத்தைத் தொட எனக்குக் கனநாள் எடுத்தது.

பெரித் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கிறாள். என்னைவிடச் சில வயது கூட. பத்தொன்பது வயதில் மீன் தொழிற்சாலைக்குப் போனவள். இருபது வருடத்துக்கு மேல் அதே வெட்டுமேசையில் நின்றாள். புதிய இயந்திரம் வந்தபோது மேசையில் பாதியை எடுத்துவிட்டார்கள்; அவளுடைய வேலையும் போனது. மிச்சமுள்ள பாதியில் இப்போது நாங்கள் நிற்கிறோம்: தமிழர், போலந்துக்காரர், லித்துவேனியர். இயந்திரம் கடைக்குப் பாண் வாங்க வருவதில்லை. நாங்கள் வருகிறோம். ஆகவே வேலையைப் பறித்தவர்கள் நாங்கள்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பெரித் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவளைப் பற்றிச் சொல்லப்பட்டது. ஒருநாள் வேலைக்குப் புறப்படும்போது அவளுடைய ஜன்னலில் இன்னும் வெளிச்சம் வராததைப் பார்த்துவிட்டு என் கணவர், “குடுத்து வைச்சவள். படுத்திருக்கக் காசு வருது” என்றார். அவர் பஸ் ஓட்டுகிறார், கெட்ட மனிதரில்லை. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

படுத்திருக்க வரும் காசு அல்ல அது, வேலை இழந்தவர்களுக்கான உதவிப்பணம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவள் ஓர் அட்டை நிரப்பி வேலை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். இப்போது கணினியில்தான், ஆனாலும் அட்டை என்றே சொல்கிறார்கள். பதினான்கு நாள், பதினான்கு கட்டம். அந்தந்த நாளில் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தாய்? வேலை செய்திருந்தால் அதற்கேற்ப உதவிப்பணம் குறையும். செய்த வேலையை மறைத்தால் முழுவதும் நிற்கலாம், வாங்கியதைத் திருப்பிக் கட்டவும் வேண்டிவரலாம். பெரித் ஒவ்வொரு கட்டத்திலும் பூச்சியம் எழுதுவாள். வேலை தேடிக் கடிதங்களும் எழுதுவாள். அந்தப் பதினான்கு பூச்சியத்தையும் எழுதி முடித்த அன்று அவள் யாருடனும் கதைக்கமாட்டாள் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

4

போன மாசி மாதம். மீன் குவியும் பருவம். ஒரு வியாழக்கிழமை விடிய எழும்பினால் ஆரபிக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. கணவர் அதற்கு முன்பே பஸ்ஸோடு போய்விட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு இன்னொரு நெருப்பும் இருந்தது. நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் மாதம் அது. சொந்த உழைப்பைக் காட்டவேண்டும். கடந்த ஒரு வருடத்தில் சமூக உதவி பெறவில்லை என்றும் காட்டவேண்டும். பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் தாய் தகப்பன் சம்பளத்தோடு வீட்டில் நிற்கலாம் என்று ஒரு முறை உண்டென அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தேன். சம்பளத்தோடு சும்மா நிற்பதா? என் கணக்கில் அது முத்திரை. எடுத்தால் பெயர் எழுதுவார்கள். பட்டம் பெற்ற மூளை அந்த விடியலில் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது.

ஆகவே எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் செய்வதைச் செய்தேன். கீழே போய்ப் பெரித்தின் கதவைத் தட்டினேன்.

பெரித் நோர்வேஜிய மொழியில் சொன்னதை எங்கடை பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அவள் குரல் அப்படித்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

“எனக்குப் பதிலா இண்டைக்கு நீ போய் நில்” என்று, தொழிற்சாலையில் வரவு பதியும் என் வேலை அட்டையை நீட்டினேன்.

“உன்ரை அட்டையிலையோ?”

“ஓம். உனக்கு முடியாத ஒரு நாளிலை நான் வந்து உன்ரை இடத்திலை நிப்பன்.”

“என்ரை இடத்திலை?” பெரித் சிரித்தாள். “எங்கை, வேலை அலுவலகத்து வரிசையிலையோ?”

எங்கள் ஊர் வழக்கத்தை அவசர அவசரமாகச் சொன்னேன். நிரை காலியாக இருந்தால் வெட்கம் என்று சொன்னபோது அவள் முகம் மாறியது. வேண்டாமென்று சொல்லவேண்டிய இடம் அதுதான், அவளுக்குச் சட்டம் தெரியும். ஆனால் அட்டையைப் பார்த்தாள். பிறகு குனிந்து பழைய வேலைச் சப்பாத்தை எடுத்தாள். கட்டிலுக்குக் கீழே அல்ல, கதவுக்குப் பக்கத்திலேயே அது துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

தொழிற்சாலையில் யாரும் கேட்கவில்லை. தலையுறையும் முகமூடியும் போட்டால் எல்லாரும் ஒன்றுதான். அடையாளம் கண்ட இரண்டொருவரும் அவளைத் திரும்ப எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். மேற்பார்வையாளர் அன்று முழுவதும் இறங்குதுறையில் படகுகளோடு நின்றார்.

பின்னேரம் பெரித் வந்து கதவைத் தட்டினாள். மேலெல்லாம் மீன் மணம். கன்னம் சிவந்திருந்தது.

“என்ரை கத்தி இன்னும் அங்கைதான் தொங்குது” என்றாள். “நீல நாடா சுத்தினது. ஒருத்தரும் தொடேல்லை.”

நான் அவளுக்குத் தேத்தண்ணி போட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. அந்தப் பின்னேரம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை.

5

சனிக்கிழமை பெரித் மேலே வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“அட்டை நிரப்பவேணும். வியாழக்கிழமைக்கு ஏழரை மணித்தியாலம் எண்டு எழுதப்போறன். உனக்குச் சொல்லிப்போட்டு எழுதுவம் எண்டு வந்தனான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழிற்சாலைப் பதிவில் வியாழக்கிழமை வேலை செய்தவள் நான். அவள் எழுதினால் இரண்டு பதிவும் மோதும். பொய்யாக அட்டை அடித்த என் வேலை போகலாம், விண்ணப்பமும் போகலாம். எழுதாமல் விட்டுப் பிறகு பிடிபட்டால் அவளுடைய உதவிப்பணம் போகும். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

கணவர் சோபாவில் இருந்தபடி தமிழில் சொன்னார்: “இஞ்சரும், எழுதவேண்டாம் எண்டு சொல்லும். ஒரு நாள்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?”

நான் வாய் திறப்பதற்குள், தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த ஆரபி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வயது. என்னோடு தமிழில் கதைக்கச் சொன்னால் முகம் சுளிப்பாள்; சோற்றுக்கும் தண்ணிக்கும் மட்டும்தான் அவளுக்குத் தமிழ் வேண்டும். அவள் பெரித்தைப் பார்த்து, தன் சுத்தமான நோர்வேஜிய மொழியில், தகப்பன் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். ஆருக்குத் தெரியப்போகுது என்பதையும் சேர்த்து.

கணவர் ரிமோட்டைத் தேடினார்.

பெரித் கோபிக்கவில்லை. ஆரபிக்குத்தான் பதில் சொன்னாள். “எனக்குத் தெரியுமே.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நான் அண்டைக்கு வேலை செய்தனான். எத்தினை மாதத்துக்குப் பிறகு எனக்குப் பூச்சியம் இல்லாத ஒரு கட்டம் கிடைச்சிருக்கு. அதிலை போய்ப் பூச்சியம் எழுதச் சொல்லுறியோ?”

நான் தரையில் கிடந்த ஆரபியின் பென்சில்களைப் பொறுக்கினேன்.

“உந்தக் காசை நான் வெட்கமில்லாமல் எடுக்கிறன். ஏனெண்டால் நான் பொய் எழுதிறேல்லை. அவ்வளவுதான்.” வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். “அதுசரி, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் நீ ஏன் வீட்டிலை நிக்கேல்லை? அதுக்கு நாள் இருக்கே. என்ரை மகன் சின்னனா இருக்கேக்கை நானும் நிண்டனான்.”

“அது உதவிக்காசு இல்லையோ?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. அதிசயம்தான் இருந்தது. “இவ்வளவு படிச்சவள்” என்றாள். “திங்கள் பின்னேரம் வரைக்கும் அட்டை அனுப்ப நேரம் இருக்கு. திங்கள் விடிய உனக்கு வேலை. நான் பின்னேரம் மட்டும் பொறுக்கிறன்.”

தொழிற்சாலையில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு பகல் தந்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

6

எங்கள் மேற்பார்வையாளர் கரவெட்டிக்காரர். நோர்வேக்கு வந்து முப்பது வருடம். நாங்கள் எல்லாரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். நோர்வேஜியரும் அது அவருடைய பெயரென்று நினைத்து அண்ணை என்கிறார்கள்.

திங்கட்கிழமை விடிய, ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வசனத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

“ஆள் விட்டனீரோ?” என்றார். “பிள்ளை, இது என்ன வெங்காயத் தோட்டமே?”

சிரிக்கிறாரென்று நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

“கத்தி பட்டு அவளுக்கு ஒண்டு நடந்திருந்தால்? காயம் அவளுக்கு, பேர் உமக்கு. அப்ப ஆரைப் பிடிக்கிறது?”

இது எனக்குத் தோன்றவே இல்லை.

“பிள்ளைக்குச் சுகமில்லாட்டில் நிக்கலாம் எண்டு ஒருத்தரும் உமக்குச் சொல்லேல்லையோ?”

“கேள்விப்பட்டனான் அண்ணை. எடுத்தால் என்ரை பேரிலை விழும் எண்டு பயந்தனான்.”

அவர் கையுறையைப் பெட்டியின்மேல் வைத்தார். “நானும் வந்த புதிசிலை ஒரு வருத்த லீவும் எடுக்கேல்லை” என்றார். “காய்ச்சலோடை நிண்டு வெட்டினனான். எங்களைச் சோம்பேறி எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு. நடவும், மேலை போவம்.”

மேலே தொழிற்சாலை முகாமையாளரிடம் நானே வாயால் சொன்னேன். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். வியாழக்கிழமை என் பெயரிலிருந்து வெட்டப்பட்டு, பிள்ளை சுகமில்லாத நாள் என்று எழுதப்பட்டது. பெரித்துக்கு அந்த ஒரு நாள் அவளுடைய பெயரிலேயே பதியப்பட்டது. மத்தியானம் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “சரி, அனுப்பிறன்” என்றாள்.

அதோடு முடிந்துவிடவில்லை. அந்த முறை அவளுடைய உதவிப்பணம் விசாரணைக்காகச் சில கிழமைகள் நின்றது. நான் புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோனேன். “இதுதான் தண்டனையோ?” என்று உறைப்பில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். வேலை அலுவலகத்துக்கு அவளோடு நானும் போனேன். வரிசையில் நின்றபோது, “பார், நீ சொன்ன மாதிரியே என்ரை இடத்திலை வந்து நிக்கிறாய்” என்றாள். அலுவலர் இரண்டு பதிவுகளையும் ஒத்துப் பார்த்து, அந்த ஏழரை மணித்தியாலத்தைக் கழித்து மிச்சத்தைக் கொடுத்தார். என் வதிவிட அனுமதி பங்குனி கழித்து வந்தது.

தொழிற்சாலை பெரித்தைத் திரும்ப எடுக்கவில்லை. நீல நாடா சுற்றிய கத்தியை மட்டும் அண்ணை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். அவள் இன்னும் வேலை தேடுகிறாள். இன்னும் பூச்சியம் எழுதுகிறாள். கடையில் யாராவது எங்களைப் பற்றிப் பழைய இரண்டு வசனங்களைச் சொன்னால், “எதெண்டு முதல்லை முடிவெடு. வேலையைப் பறிக்கினமோ, வேலை செய்யாமல் இருக்கினமோ?” என்று கேட்கிறாளாம். எங்கள் வீட்டில் அவளுடைய ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி இப்போது யாரும் கதைப்பதில்லை.

7

இதையெல்லாம் நேற்று அம்மாவுக்குச் சொன்னேன். நான் வந்திருப்பதால் ஒரு நாள் என்னோடு இருக்கவென்று அம்மா தோட்டத்துக்குப் போகவில்லை. தன் நிரைக்குக் கமலாக்காவை விட்டிருந்தார். கமலாக்கா மலைநாட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து அடுத்த வளவில் இருக்கிறார். ஓட்டோக்காரர் கையை நீட்டிக் காட்டியபோது குந்தியிருந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் குந்தியிருந்தது என் அம்மாவின் நிரையில்.

ஓட்டோக்காரர் சொன்னதையும் அம்மாவிடம் சொன்னேன்.

“உவன்ரை ஆக்களிலை ஆர் வந்து குந்தினவை?” என்றார் அம்மா. அவ்வளவுதான்.

பெரித்தின் கதையை முழுவதும் கேட்டார். உதவிப்பணம், அட்டை, விசாரணை எதையும் பற்றிக் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

“அவளின்ரை நிரையிலை நீ எப்ப நிக்கப்போறாய்?”

“அவளுக்கு இப்ப நிரை இல்லையம்மா.”

அம்மா யோசித்தார். “கிடைக்கும். கிடைச்சாப்பிறகு அவளுக்கு முடியாத ஒரு நாள் வரும். அண்டைக்கு நில். இந்த முறை அவளை லீவு எழுதச் சொல்லிப்போட்டு, உன்ரை பேரிலை நில்.”

இன்று விடிய நான் தோட்டத்துக்குப் போனேன். அம்மா கமலாக்காவுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாளை நான் எடுத்துக்கொண்டேன். கமலாக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். மற்றப் பெண்கள் என் காற்சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். “நோர்வேக்காரி, புல்லையும் வெங்காயத்தையும் பிரிச்சு அறிவியோ?” என்று ஒருத்தி கேட்டாள். அறிவேன் என்றேன். கை மறக்கவில்லை. முதுகுதான் மறந்திருந்தது. பத்து மணி தாண்டியபோது எழும்பி நிற்கவே முடியவில்லை. தன் நிரையை முடித்துவிட்டு வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா இறங்கி வந்து மிச்ச நிரையில் குந்தினார்.

நான் வரம்பில் இருந்தபடி அந்த நிரையைப் படமெடுத்துப் பெரித்துக்கு அனுப்பினேன். இண்டைக்கு ஒருத்திக்குப் பதிலா நிண்டனான் என்று எழுதினேன்.

அங்கே அதிகாலைதான், ஆனாலும் உடனே பதில் வந்தது.

“எத்தினை மணித்தியாலம்?”

ஒரு நாள் என்று எழுதத் தொடங்கினேன். நிரையில் அம்மாவின் முதுகு தெரிந்தது. அழித்துவிட்டு எழுதினேன்: “நாலு. மிச்சம் அம்மா.”

“அப்ப நாலு எண்டு எழுது” என்று பெரித் அனுப்பியிருந்தாள்.